வீடும் வீட்டாரும்

யாழ்ப்பாணத்து ஊர்களிலே நாற்சார் வீடுகள் அருகி வருகின்றன. நடுமுற்றத்தைச் சூழ நாற்புறமும் கட்டடம் அமைந்த அவ்வீடுகளுட் பல போரிற் சிதைந்தன. எஞ்சியவற்றுட் சில, உரியவர் கடல்கடந்து வாழ்தலாற் பூட்டிக்கிடக்கின்றன. சில இடிக்கப்பட்டு, தூணும் நிலையும் கதவும் விலைபோகின்றன. அவற்றோடு வேறு யாது போகின்றது என எண்ணுவார் மிகச் சிலரே.

சட்டம் காக்கும் என்று வாளாவிருத்தல் தகாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே பழைய சின்னங்களென வரையறுத்தது. பிற்பட்டவற்றைக் காக்கவும் வழியுண்டு. ஆயினும், ஊரவர் எடுத்துரையாவிடின் அவ்வழி திறவாது.

கட்டடம் மட்டும் நின்றாற் போதுமா? நல்லூர் மந்திரிமனையை நோக்குக. 1619இல் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் மந்திரியோடு ஊர்வழக்கு அதனை இணைக்கும். இன்றுள்ள கட்டடம் பிற்காலத்தது என்பர் ஆய்வாளர். அவ்வாறாயின், அதனைக் கட்டினோரும் அங்கு வாழ்ந்தோரும் மந்திரியின் பெயருக்குப் பின்னே மறைந்துவிட்டனர் அன்றோ?

மறைந்தோரைக் காணும் வழி வீட்டுப் பெட்டகங்களிலேயே உண்டு. தேசவழமைப்படி வீடும் வளவும் சீதனமாகப் பெண்களுக்குச் சென்றன. ஆடவர் பெயரால் ஊர் அழைக்கும் வீட்டின் உறுதிகளைப் புரட்டினால், தாயும் மகளும் பேர்த்தியுமாகப் பெண்களின் வரிசையொன்று தோன்றும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1995இன் இடப்பெயர்விற் குடும்பப் பத்திரங்கள் பல சிதறின. ஆதலின் எஞ்சிய ஒவ்வோர் உறுதியும் அரிய ஏடேயாம்.

உறுதியிற் பெயர் பெறாதோரும் உளர். கல் பொழிந்தவர், சுண்ணாம்பு சுட்டவர், மரம் இழைத்த தச்சர், அவ்வீட்டுக்கென உழைத்தும் சாதியின் பெயராற் சங்கடப்படலைக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர் ஆகியோரின் கதையையும் எழுதாத வீட்டு வரலாறு, வரலாறன்று, குடும்பப் புகழ்ச்சியே.

ஆசிரியர்களே, உங்கள் மாணவரை ஊரிலுள்ள பழைய வீடொன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். அளந்து படம் வரையட்டும், உரியவர் இசைவோடு உறுதிகளைப் படியெடுக்கட்டும், முதியோரிடம் கேட்டெழுதட்டும். படலைக்கு உள்ளிருந்தோரையும் வெளியே நின்றோரையும் ஒருங்கே வினவட்டும். எல்லா வீடுகளையும் நம்மாற் காத்தல் இயலாது. பெயரற்று இடிந்துபோகாமற் காத்தல் இயலும். முதியோர் உள்ளபோதே அதனைச் செய்வோமாக.