நீங்கள் கேட்டவை: மாட்டு உண்ணி மருந்தால் கண் இமையைத் துடைக்கலாமா?

‘‘என் அம்மாவுக்கு 62 வயது. நான்கு மாதமாக இமை ஓரத்தில் அரிப்பு. காலையில் எழுந்தால் கண் ஒட்டிக்கொள்கிறது. இமை முடியின் வேரில் பொடுகு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. டாக்டர், ‘இமை முடியில் சிலந்திப்பேன் இருக்கிறது’ என்று சொல்லி, சுத்தம் செய்யச் சொன்னார். வீட்டில் மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து மீதம் இருக்கிறது. தண்ணீர் கலந்து துடைக்கலாமா? மாட்டிடமிருந்துதான் வந்ததா? ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டால் போய்விடுமா?’’

- வாசகி, திருத்தணி.

முதல் வேலையாக அந்த பாட்டிலை அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாட்டின் மேல் அடிக்கும் உண்ணி மருந்துகளில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள்தான் இருக்கின்றன. எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் அது கண்ணுக்கு ஆகாது. கருவிழி புண்ணாகிவிடும். ஏற்கெனவே பட்டிருந்தால், கண்ணைத் திறந்து வைத்து, சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது விட்டுக் கழுவுங்கள். பிறகு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

தென்னையில் குரும்பையைச் சொரசொரப்பாக்கும் ஈரியோபைட் சிலந்தியை உங்களுக்குத் தெரியும். அதே சிலந்தி வகையறாவைச் சேர்ந்ததுதான் இமையில் இருக்கும் ‘டெமோடெக்ஸ்’. ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான் இருக்கும் என்பதால், வெறும் கண்ணுக்குத் தெரியாது. பகலில் முடியின் வேர்க்குழிக்குள் தலைகீழாகப் புதைந்திருக்கும். இருட்டியதும் வெளியே வரும். 1840-களிலேயே ஜெர்மனியில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோரிடம் இது உண்டு. ஆகையால், ‘அசுத்தமாக இருந்ததால் வந்தது’ என்று அம்மா கூச்சப்பட வேண்டாம். எண்ணிக்கை பெருகும்போதுதான் அரிப்பும், முடி வேரைச் சுற்றி மெழுகு மாதிரிப் பொடுகும் வரும்.

மாட்டுக்கும் நாய்க்கும் இதே இனத்தில் வேறு வேறு வகைகள் உண்டு. அவை பொதுவாக மனிதர்கள் மேல் தங்குவதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவுகிறது. மொட்டை போட்டாலும் இமை முடி இமையிலேயேதான் இருக்கும். நேர்த்திக்கடனைத் தாராளமாகச் செலுத்துங்கள். ஆனால், வைத்தியம் தனி.

சுத்தம் செய்யும் முறை:

1. இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

2. கொதிக்க வைத்து, பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழியுங்கள். மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தபிறகு, மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள்.

3. மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் விரல் நுனியால் மெதுவாக நீவிவிடுங்கள். கண்ணை அழுத்தக் கூடாது.

4. இமை துடைப்பதற்கென்றே மருந்துக் கடையில் கிடைக்கும் துணியாலோ, டாக்டர் சம்மதித்தால் ஆறிய வெந்நீரில் சில சொட்டு குழந்தை ஷாம்பு கலந்தோ, கண்ணை மூடியபடி முடி வேரின் ஓரமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனித் துணி. பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

காலை, இரவு என இரண்டு வேளை செய்யலாம். முட்டையிலிருந்து வளர்ந்து மடிய, இதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஒரு தடவை மருந்தடித்தால் செஞ்சிலந்தியின் முட்டை தப்பி மறுபடி பெருகுகிறதே, அதே கதைதான். எனவே, நான்கு முதல் ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, வெயிலில் காய வையுங்கள். துண்டு, கண் மை எதையும் அடுத்தவரோடு பகிர வேண்டாம்.

நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம். டீ ட்ரீ எண்ணெயை அப்படியே தடவினால் கண் வெந்துபோகும். கடையில் தானாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அரிப்பை அடக்கும். நாளாக நாளாகக் கண் அழுத்த நோயில் கொண்டுபோய் விடும்.

நாய்களின் உண்ணிக்குக் கொடுக்கும் லோட்டிலனர் என்ற மருந்தையே, இமைச் சிலந்திப்பேனுக்கான சொட்டு மருந்தாக 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது. உங்கள் யோசனை அவ்வளவு விநோதமானதல்ல. ஆனால், அது கண்ணுக்கென்றே 0.25 சதவிகித அளவில், கிருமி நீக்கித் தயாரித்தது. தொழுவத்து பாட்டில் அதுவாகிவிடாது.

ஆறு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, இமையில் ஆறாத கட்டி வந்து முடி உதிர்ந்தாலோ மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். திருத்தணி அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல் சிகிச்சை தேவைப்பட்டால், 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது; மின்சார ரயிலிலேயே சென்னைக்குப் போய்விடலாம்.