வெடேலியாவை இனி நட வேண்டாம்

“சீக்கிரம் படர்ந்து மண்ணை மூடுற மாதிரி ஒரு செடி கொடுங்க” என்று நர்சரியில் கேட்பவர்களின் கைக்குப் பல நேரம் வந்து சேர்வது வெடேலியா. பளபளக்கும் இலை, ஆண்டு முழுக்க மஞ்சள் பூ, அதிகப் பராமரிப்பும் தேவையில்லை. சாலை நடுத்திட்டுகளிலும் அடுக்குமாடி வளாகங்களிலும் அதுதான் விரிந்து கிடக்கிறது. நடுவதை நிறுத்த வேண்டிய செடியும் அதுதான்.

வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த வெடேலியா, உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கணு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விடும். வெட்டிப்போட்ட துண்டும் பிழைத்துக்கொள்ளும். தோட்டக் கழிவோடு வாய்க்கால் கரைக்குப் போனால் அங்கும் அடர்ந்து, மற்ற சிறு செடிகளை முளைக்க விடாது. வாங்குபவரைக் கவரும் வேகமே வெளியில் ஆபத்தாகிறது.

இந்த ஆபத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்: 19-ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி, இன்று முதுமலைக் காட்டில் விலங்குகள் மேய வேண்டிய இடங்களை அடைத்து நிற்கிறது. இத்தகைய தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. காட்டில் செலவு செய்து பிடுங்கிக்கொண்டே, நகரத்தில் அதே குணமுள்ள செடியைப் பொதுப்பணத்தில் நடுவது எந்த வகையில் நியாயம்?

மாற்றுச் செடிகள் நம் வரப்பிலேயே இருக்கின்றன. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச உதவும் பொடுதலை, தரையோடு தரையாகப் படரும். நல்ல வெயிலைத் தாங்கும், வேர் பிடித்தபின் அதிகத் தண்ணீர் கேட்காது, அவ்வப்போது மிதிபட்டாலும் சாகாது. அதன் பொடிப் பூக்களைத் தேடித் தேனீக்கள் வரும். ஜப்பானில் உருவாக்கிய இதன் ரகம் ஒன்று, குராபியா என்ற பெயரில் கலிபோர்னியாவில் புல்வெளிக்குப் பதிலாக வளர்க்கப்படுகிறது. இங்கோ பொடுதலையைக் களை என்று கொத்தி எறிகிறோம்!

நிழலும் ஈரமும் உள்ள பாத்திக்கு வல்லாரை போதும். மஞ்சள் கரிசலாங்கண்ணியும் ஈரத்துக்கு ஏற்றது. அது வெடேலியாவின் நெருங்கிய உறவு என்பதால் பார்த்து வாங்க வேண்டும்: வெடேலியா இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், கரிசலாங்கண்ணி இலை பிளவின்றி நீண்டிருக்கும்.

இவை வெடேலியாவின் வேகத்தில் மூடாது. நெருக்கமாக நட்டு, முதல் சில மாதங்கள் களை எடுக்கத்தான் வேண்டும். இவையும் பாத்தியை விட்டு வெளியே வரும் என்பதால், ஓரத்தில் செங்கல் பதித்து அவ்வப்போது கத்தரிப்பது நல்லது.

பூங்காக்களுக்குச் செடி வாங்கும் உள்ளாட்சிகள் வெடேலியாவைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். நர்சரிகள் அதன் குணத்தைச் சொல்லாமல் விற்கக் கூடாது. ஏற்கெனவே நட்டவர்கள் மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். பிடுங்கிய கொடியை வெளியே கொட்டாமல் சிமென்ட் தரையில் சருகாகும்வரை காயவைத்து, மண்ணில் தங்கிய துண்டுகள் துளிர்க்கத் துளிர்க்க எடுத்துவிட வேண்டும்.