வேங்கடம் கேட்டவருக்குத் திருத்தணி

திருத்தணிப் பக்கம் பழைய பத்திரங்களைப் பிரித்தால் சிலவற்றில் தெலுங்கு எழுத்து இருக்கும். சர்வேயராக இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். பட்டாதாரர் தமிழில்தான் பேசுவார். தாத்தா வாங்கிய நிலத்தின் பத்திரத்தைப் படிக்க அடுத்த தெருவிலிருந்து ஆளைக் கூட்டி வருவார். 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்த ஊர் திருத்தணி. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தபோது மாவட்டத்தோடு போனது. 1960 ஏப்ரல் 1இல் திரும்பியது.

இடையில் ம.பொ.சி. நடத்திய போராட்டத்தை இன்னமும் சிலர் பிடிவாதம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் அவர். வேங்கடமாகிய திருப்பதிவரை தமிழகம் என்றார். சொந்தக் கட்சியான காங்கிரஸுக்கே அது தர்மசங்கடம். சிறைக்குப் போனார். 1954இல் கட்சியும் போயிற்று, கோரிக்கை போகவில்லை.

பிறகு எல்லை வகுக்க எச்.வி. படாஸ்கர் மத்தியஸ்தராக வந்தார். கிராமம்தான் அலகு, அங்கே பெரும்பாலோர் பேசும் மொழி எது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். வேங்கடம் நமதே என்று மேடையில் முழங்கிவிடலாம். கல் நடவேண்டுமானால் ஊர் ஊராகக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் திருத்தணி வட்டமும் புத்தூர் வட்டத்தில் ஒரு பகுதியும் வந்தன. திருப்பதி வரவில்லை. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களிலிருந்து சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தடாவுக்கும் ஷிஃப்ட் பஸ்கள் ஓடுகிற வழியில் அந்த எல்லைக்கோட்டைக் கவனிக்க யாருக்கு நேரம்?

தன் கருத்தை இப்படி அளக்க விட்ட ம.பொ.சி.யைப் பிடிவாதக்காரர் என்று எப்படிச் சொல்வது? பிடிவாதம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை அண்ணன் தம்பி வரப்புத் தகராறில் நான் நட்ட கல் சரியில்லை என்று தம்பி மனு போட்டார். மறு அளவைக்கு மூன்று மாதம் இழுத்தடித்தேன். என் அளவு தப்பாது என்ற எண்ணம். ஊரில் சிலர், “சர்வேயர் உறுதியானவர்” என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் சங்கிலி பிடித்தபோது நாலு லிங்க் பிழை, என்னுடையது. கல்லைப் பிடுங்கி, சரியான இடத்தில் நட்டேன்.

அன்று டீக்கடையில் காசு நான்தான் கொடுத்தேன்.

(கட்டுரையாளர், ஓய்வுபெற்ற நில அளவையர்)