அக்காவிடம் கேளுங்கள்: பிள்ளைக்காகப் பொறுக்கலாமா?

ஓடைப்பட்டி சகோதரி ஒருவர் எழுதுகிறார்: "திராட்சைத் தோட்டத்துல வேலை முடிஞ்சு வர்றவரு, குடிச்சிட்டு என்னை அடிக்கிறாரு. நாலு வயசுப் பையன் இப்ப மறுபடி படுக்கையில ஒண்ணுக்குப் போறான். பாத்திரம் விழுந்தாலே காதைப் பொத்திக்கிறான். மந்திரிச்சும் கேக்கலை. பிள்ளைக்காகத்தான் பொறுத்துக்கிறேன், அக்கா."

அன்புத் தங்கைக்கு,

இது காத்துக் கறுப்பல்ல, பயம். பிள்ளை தூங்குவதாக நாம் நினைக்கிறோம். அவன் காதில் எல்லாம் விழுகிறது. அந்தப் பயம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். பழகின பழக்கத்தையும் மறக்கடிக்கும். சில பிள்ளைகள் விளையாட்டிலும் அடிதடியையே திரும்பத் திரும்ப நடிப்பார்கள்.

படுக்கை நனைந்தால் திட்டாதே. "உன் மேல தப்பில்லை கண்ணு" என்று மடியில் வைத்துச் சொல். சாப்பாடும் தூக்கமும் தினம் ஒரே நேரத்தில் இருக்கட்டும். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டு.

ஆனால் அடி நிற்காமல் பயம் போகாது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, அடிக்கத் தடை உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கோர்ட்டில் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனுவுக்கு உதவுவார். அவசரத்துக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

பிள்ளைக்காகப் பொறுத்தது போதும், தங்கச்சி. அவனுக்காகவே இன்று ஒருவரிடம் வாய் திறந்து சொல்.