பிரதியிடல் முறைக்கு ஒரு பரிந்துரை

இரண்டு தெரியாத எண்களைக் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கப் பள்ளியில் நமக்கு மூன்று வழிகள் கற்பித்தார்கள்: பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல். என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் அறிவித்த பாடக் குறைப்பில், பத்தாம் வகுப்பு நூலிலிருந்து மூன்றாவது வழி விடைபெற்றது. “நொடியில் விடை தரும் சூத்திரத்தை எடுத்துவிட்டார்களே!” என்று வருந்துவோர் நம் விடுதியில் பலர். நான் வருந்தவில்லை. மூன்றிலும் மெதுவானது என்று இகழப்படும் பிரதியிடல்தான் முதலில் கற்பிக்கத் தக்கது என்பது என் துணிபு.

ஏன்? நாம் நாள்தோறும் உண்ணும் உணவு விடுதியையே எடுத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் ‘க’. ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு ‘ச’. 20 நாள் உண்டவருக்கு 2,600 ரூபாய். 26 நாள் உண்டவருக்கு 3,080 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

க + 20ச = 2,600
க + 26ச = 3,080

முதலாவது, க = 2,600 − 20ச என்கிறது. க யாரென்று தெரியாவிட்டாலும், ச-வுக்கு அது என்ன உறவு என்று தெரிந்துவிட்டது. அந்த உறவை இரண்டாவதில் வைத்தால் 2,600 + 6ச = 3,080. ஆகவே ச = 80; க = 1,000. தெரியாத இரண்டில் ஒன்றை மற்றொன்றின் சொல்லால் சொல்லிவிட்டோம், எஞ்சியது ஒன்றே. இதில் மனப்பாடம் எங்கே இருக்கிறது?

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. எந்தச் சமன்பாட்டிலிருந்து உறவைப் பெற்றோமோ, அதிலேயே அதைத் திரும்ப வைத்தால் 2,600 = 2,600 என்றுதான் வரும். புதுச் செய்தி வேண்டுமானால் அடுத்த வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டும்!

இன்னொரு நயம் கேளுங்கள். இருவரும் 20 நாளே உண்டு, ஒருவருக்கு 2,600, மற்றவருக்கு 2,700 என்று சீட்டு வந்தால்? பிரதியிட்டால் 2,600 = 2,700 என்று வந்து நிற்கும். அதாவது கணக்கு எழுதியவரிடம் போய்க் கேள் என்று பொருள்! சூத்திரத்தை மட்டும் அறிந்த மாணவனோ வகுக்கும் இடத்தில் பூச்சியத்தைக் கண்டு திகைத்து நிற்பான்.

பிரதியிடலில் பின்னங்கள் வந்து தொல்லை தரும் என்பார் உளர். உண்மையே. கெழுக்கள் 7, 11 என்று இருக்குமானால் நீக்கல் முறையே எளிது. நானும் அதைத்தான் கையாள்வேன். கணிப்பொறியும் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளை நீக்கல் வழியில்தான் குறைக்கிறது. ஆயினும் கடைசியில் ஒரு விடை கிடைத்ததும், அதை மேலே மேலே வைத்து மற்றவற்றைக் காண்கிறதே, அது பிரதியிடல் அல்லாமல் வேறென்ன?

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. வளாகத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நம்மில் சிலர் ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லித் தருகிறோம். தேர்வு நெருங்கிவிட்டது என்று அவசரப்பட்டுச் சூத்திரத்தை ஊட்டிவிடுகிறோம். பிள்ளையும் மதிப்பெண் வாங்கிவிடுகிறது. ஆனால், “எக்ஸ் என்றால் என்னம்மா?” என்று கேட்டால் விழிக்கிறது. 628-இல் நூல் எழுதிய பிரம்மகுப்தர் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயரைச் சூட்டினார். பெயர் எதுவானால் என்ன? அது ஓர் எண்ணைக் குறிக்கிறது என்ற தெளிவு வேண்டாமா?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தெளிவைத் தனி ஆசிரியர் தந்துவிடுவார். இந்தப் பிள்ளைகளுக்கு நம்மை விட்டால் யார்? ஆகவே, ஞாயிறு வகுப்பெடுக்கும் தோழர்கள் முதல் இரண்டு வாரமாவது சூத்திரத்தை மறந்து, பிரதியிடலை மட்டும் நிதானமாகக் கற்பிக்க வேண்டுகிறேன். விரைவு பிறகு தானே வரும். விளக்கம் அப்படித் தானே வருவதில்லை.