“பழையபடி” என்னும் சொல்

“எப்போது பழையபடி ஆவேன்?” மருத்துவமனைகளில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தவர் கேட்கிறார். அவரருகே நாற்காலியில் இரவைக் கழித்த மனைவி கேட்கிறார். நலம் விசாரிக்க வந்த உறவினர் கேட்கிறார். நூற்பாலையில் நாளெல்லாம் நின்று பணிபுரிந்தவருக்கும், சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் துணியை நெய்யும் தறிக்காரருக்கும், காட்டுப்பாதையில் அய்யனார் கோவிலுக்கு நடந்து சென்று பழகியவருக்கும் காலென்பது வெறும் உறுப்பன்று. அதுவே பிழைப்பு, அதுவே வழிபாடு. ஆகவே இக்கேள்வி இயல்பானது.

ஆனால் “பழையபடி” என்னும் அச்சொல் நோயருக்கு இரு வகையில் தீங்கு செய்கிறது. நலம் பெறும் முன்பே அவசரப்படுத்துகிறது. நலம் பெற்ற பின்பும் மனநிறைவு கொள்ளவிடாமல் தடுக்கிறது. இக்கருத்தை விளக்க, முழங்காலையே மூலதனமாகக் கொண்ட இரு விளையாட்டு வீரர்களின் வாழ்வை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் நம் தமிழகத்தவர், மற்றவர் அமெரிக்கர்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவர். தந்தை தறித்தொழில் சார்ந்த கூலிப்பணியில் இருந்தவர். தாய் சாலையோரத்தில் கோழி இறைச்சி உணவுக் கடை நடத்தியவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஊர்ப்போட்டிகள் ஆடிய நடராஜனைச் சென்னைக்கு அழைத்துச் சென்று வழிகாட்டியவர் அவ்வூரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் ரஞ்சிப் போட்டியில் தமிழக அணிக்காக அறிமுகமானார். உடனே ஓர் இடி விழுந்தது. அவர் பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்னும் ஐயம் எழுப்பப்பட்டது. ஒரு வேகப்பந்து வீச்சாளர் கையின் இயக்கத்தையே மாற்றிக்கொள்வது, எழுதக் கற்றவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்கு ஒப்பாகும். பயிற்சியாளர்களின் துணையுடன் அதைச் செய்து முடித்து அவர் மீண்டு வந்தார்.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் பயிற்சியில் பந்து வீசுவதற்காக அழைத்துச் செல்லப்பட்டவர், மற்றவர்கள் காயமுற்றதால் அணிக்குள் இடம்பெற்றார். டிசம்பர் 2 அன்று ஒருநாள் போட்டி, டிசம்பர் 4 அன்று இருபது ஓவர் போட்டி, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டி. ஒரே பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. மகள் பிறந்தபோது அருகில் இருக்க இயலாமல், தந்தையான செய்தியைத் தொலைவில் இருந்தபடியே பெற்றவர் அவர். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி மக்கள் சாரட்டு வண்டியில் ஊர்வலமாக அழைத்துச் சென்றதைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்ந்தோம்.

அவ்வாண்டு மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி. கடைசி ஓவரில் எதிரணிக்குத் தேவை 14 ஓட்டங்கள். நடராஜன் பந்து வீசினார். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் இறுதியில், அவர் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். சிகிச்சை முடிந்ததும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பொதுவெளியில் நன்றி தெரிவித்தார். உலகமே கைதட்டிய வேளையில் வாழ்க்கை நின்றுபோனால் எப்படி இருக்கும் என்பதை, பணி உயர்வு கிடைத்த மாதத்திலோ மகளின் திருமணம் நிச்சயமான வாரத்திலோ நோயுற்ற எவரும் அறிவர்.

அதன் பின் என்ன நேர்ந்தது? 2022-ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டிகளில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள். 2024-ஆம் ஆண்டில் 19 விக்கெட்டுகள். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் சொந்த ஊரில் சிறுவர்கள் பயில ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்துத் திறந்தார். ஆயினும், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்திய அணிக்குள் மீண்டும் நுழையும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. “பழையபடி” என்னும் அளவுகோலை வைத்துப் பார்ப்பவர், “பாவம், முன்போல் வரவில்லை” என்பார். அறுவைச் சிகிச்சை செய்த முழங்காலுடன் நாட்டின் தலைசிறந்த மட்டையாளர்களுக்கு எதிராக ஓடி வந்து பந்து வீசும் ஒருவரை எண்ணிப் பார்ப்பவர் அப்படிச் சொல்லமாட்டார். மனிதர் ஒருவரே; அளவுகோல்தான் வேறு.

இனி அமெரிக்கர். அந்நாட்டுக் கால்பந்து, பெயரில் கால் இருந்தாலும், பெரும்பாலும் கையால் எறிந்தும் பிடித்தும் ஆடப்படுவது. தொலைவிலிருந்து எறியப்படும் பந்தை ஓடியபடியே பிடிப்பவரை ரிசீவர் என்பர். அவ்வகை வீரர்களுள் ஈடிணையற்றவராகப் போற்றப்படுபவர் ஜெர்ரி ரைஸ். மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த கொத்தனாரின் மகன். தந்தையின் கட்டட வேலையில் உடன்பிறந்தோர் கீழிருந்து வீசிய செங்கற்களை மேலே நின்று பிடித்துப் பழகிய கைகள் அவருடையவை. 1985 முதல் 2004 வரை இருபது பருவங்கள் ஆடினார். 1,549 முறை பந்தைப் பிடித்தார். அவற்றால் அவர் ஈட்டிய தொலைவு 22,895 கெஜம், அதாவது ஏறத்தாழ 21 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று திரும்பும் தொலைவு என்று கொள்ளலாம். ஒவ்வோர் அடியும் எதிரணியினர் மோதிச் சாய்க்க முயன்ற நிலத்தில் பெற்றது.

1997 ஆகஸ்ட் 31 அன்று, பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருடைய இடது முழங்காலின் உட்பிணைப்புகள் கிழிந்தன. நம் பக்கத்தில் “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்று சொல்வோமே, அதுதான். அறுவைச் சிகிச்சை நடந்தது. டிசம்பர் 15 அன்று, மூன்றரை மாதங்களே கழிந்த நிலையில், அவர் களமிறங்கினார். நெடுநாள் தோழரான ஜோ மோன்டானாவை அவர்களின் அணி சிறப்பித்த நாள் அது. அரங்கம் ஆர்ப்பரித்தது. ரைஸ் ஒரு பந்தைப் பிடித்துப் புள்ளியும் ஈட்டினார். பிடித்தவர் தரையில் விழுந்தபோது அதே முழங்காலின் சில்லு உடைந்தது. அப்பருவம் அத்துடன் முடிந்தது.

உலகின் மிகச் சிறந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சூழ இருந்த ஒருவருக்கே இது நேர்ந்தது என்பதை நோயரும் குடும்பத்தாரும் மனத்தில் இருத்த வேண்டும். கதை அங்கே முடியவில்லை என்பதையும் கூடவே நினைவில் கொள்ள வேண்டும். மறு ஆண்டு அவர் முழுப் பருவமும் ஆடினார். 2002-ஆம் ஆண்டுப் பருவத்தில், தம் நாற்பதாம் வயதில், 92 பந்துகளைப் பிடித்தார். அவசரம் பறித்ததை, பின்னர் பொறுமை மீட்டுத் தந்தது.

அவசரம் ஏன் கெடுக்கிறது? வலி நீங்குவதும் வலிமை திரும்புவதும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. கிழிந்த பிணைப்புக்கு மாற்றாகப் பொருத்தப்படும் நார் எலும்போடு ஒட்டவும், அதற்குள் இரத்த ஓட்டம் பரவவும், இழுவிசையைத் தாங்கும் உறுதி பெறவும் பல மாதங்கள் ஆகும். எனவேதான் இத்தகைய அறுவைக்குப் பின் ஓடியாடும் விளையாட்டுகளுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுத்திருக்குமாறு இன்று அறிவுறுத்துகின்றனர். இதற்கிடையில் தொடைத் தசை பயன்பாடின்றி விரைவில் மெலிகிறது. வலி குறைந்த கால் ஆறிய காலைப் போலவே தோன்றும். ஆனால் அதைத் தாங்கவேண்டிய தசை இன்னும் ஆயத்தமாகியிருக்காது. மருத்துவர் “இன்னும் பொறுங்கள்” என்று சொல்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கருதியே. அக்காலம் நோய்க்கும் அறுவைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுபடும். ஆகவே அண்டை வீட்டார் பத்து நாளில் நடந்தார் என்பது நமக்குச் சான்றாகாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது புறந்தள்ளத் தக்கதன்று. “விளையாட்டு வீரருக்கு ஊதியம் வரும், இயன்முறை மருத்துவர் உடனிருப்பார். நாள் கூலி பெறுபவர் எப்படிப் பொறுத்திருப்பது?” உண்மையே. பலர் அவசரப்படுவது அறியாமையால் அன்று. அடுப்பெரிய வேண்டும் என்பதால். ஆதலால் பொறுமையை அறிவுரையாக மட்டும் வழங்குவது அறமாகாது. அதற்கான வழியையும் காட்டவேண்டும். ஆலைத் தொழிலாளர் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பாராயின், சந்தா செலுத்திய நாள்கள் குறித்த நிபந்தனைக்கு உட்பட்டு, மருத்துவர் சான்றின் பேரில் ஓராண்டில் 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகப் பெறலாம். வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தின் கீழ் இயன்முறைச் சிகிச்சை இல்லத்துக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்கலாம். வீடு திரும்பும் நாளன்று மருந்துச் சீட்டைப் பெறுவதுபோல், இவற்றைப் பற்றிய விவரத்தையும் கேட்டுப் பெறுவது நோயரின் உரிமை. கேட்காமலே எடுத்துச் சொல்வது மருத்துவமனைகளின் கடமை என்பதே நம் கருத்து.

உடனிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் அன்பினால் கேட்கும் “எப்போது பழையபடி?” என்னும் வினா, நோயரின் காதில் “இன்னுமா?” என்று ஒலிக்கிறது. அதற்குப் பதிலாக, “இந்த வாரம் என்ன செய்யச் சொன்னார்கள்?” என்று கேளுங்கள். காலை எத்தனை முறை நீட்டி மடக்கச் சொன்னார்களோ அத்தனை முறை உடனிருந்து எண்ணுங்கள். சென்ற வாரம் கட்டிலிலிருந்து வாசல்வரை நடந்தவர் இவ்வாரம் தெருமுனைவரை நடந்தால், அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பரிவினால் எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடாதீர்கள்; அவரால் இயன்ற வேலையை அவரிடமே விட்டுவிடுவதும் மருந்தே. அதே வேளையில், காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது நீர்க்கசிவு, கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், திடீரென மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பொறுத்திருக்கலாகாது; உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். சிலருக்குப் பழைய வலிமை முழுவதும் திரும்புவதில்லை. இருபது ஆண்டுகள் நின்று செய்த வேலையை இனி அமர்ந்து செய்ய வேண்டி வரலாம். மலைப்பாதை நடையை விடுத்து, வாகனம் செல்லும் தொலைவோடு நிறைவுகொள்ள நேரலாம். அவ்விழப்புக்காக வருந்துவது பலவீனமன்று. வருந்துபவரிடம் “எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி வாயடைப்பதைவிட, சற்று நேரம் அருகில் அமர்ந்திருப்பது மேலானது. ஆனால் வருத்தம் முடிந்த இடத்தில் வாழ்க்கை நிற்பதில்லை. நாட்டுக்காக மீண்டும் ஆட இயலாத நடராஜனின் மைதானத்தில் இன்று சின்னப்பம்பட்டிச் சிறுவர்கள் ஓடி வந்து பந்து வீசுகிறார்கள். அது பழைய வாழ்வின் மிச்சமன்று; புதியதொரு வாழ்வின் தொடக்கம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. மழைக்காலத்தில் மலையில் நீர் பெருகினால், ராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனார் கோவில் ஆற்றைக் கடக்க வனத்துறையினர் தடை விதிப்பார்கள். அன்று கரையிலிருந்தே கைகூப்பித் திரும்புபவரின் பக்தியை எவரும் குறைவாக மதிப்பதில்லை. வெள்ளத்தில் இறங்கத் துணிபவரைத்தான் ஊர் கடிந்துகொள்ளும். நீர் வடியும், பாதை திறக்கும். அதுவரை கரையில் இருப்பதும் பயணத்தின் ஒரு பகுதியே. முழங்காலுக்கும் இந்நீதியே பொருந்தும். “பழையபடி” என்னும் சொல்லைச் சற்றே ஒதுக்கி வைத்து, “இன்று ஓர் அடி” என்று சொல்லிப் பழகுவோம்.