மனைக் கணினியின் காவல்

கண்டி நகரிலும், பேராதனை, கட்டுகஸ்தோட்டை முதலிய அயலூர்களிலும் வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவருள், கணினியைக் கையாளாத குடும்பத்தினர் இன்று மிகச் சிலரே. கடல் கடந்த மக்களோடு உரையாடுதற்கும், வங்கிக் கணக்கை நோக்குதற்கும், மறைந்த பெற்றோரின் படங்களைப் பேணுதற்கும் அதுவே கருவியாயிற்று. ஆயின், அதன் காவலைக் குறித்து நம்மவரிடையே நிலவும் எண்ணம் பெரிதும் பிழைபட்டது என்பது எமது துணிபு. காவல் என்பது கடையில் வாங்கும் ஒரு பொருள் என்றே பலர் கருதுகின்றனர்.

வைரஸ் எனப் பொதுவாக வழங்கும் நச்சுநிரல்கள் பெரும்பாலும் நம் கைவழியாகவே மனை புகுகின்றன. 1986 ஆம் ஆண்டில் லாகூர் நகரச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் நிரல், மெல்லிய வட்டுக்கள் கைமாறக் கைமாற நாடு பல சென்றது. வட்டுக்குப் பதிலாக இன்று 'பென் ட்ரைவ்' வந்துள்ளதேயன்றி வழி மாறவில்லை. பாடக் கட்டுரையை அச்சிடுவதற்காகப் பிள்ளை அதனை ஒரு கடைக்குக் கொண்டு சென்று மீள்கின்றது. மீண்டபின் கோப்புறைகளைக் காணோம், அவற்றின் பெயரிற் குறுக்குவழிச் சின்னங்களே உள்ளன. அஞ்சிய பிள்ளை அச்சின்னத்தையே மீண்டும் மீண்டும் அழுத்துகின்றது. நச்சுநிரல் வேண்டுவதும் அதுவே. கோப்புக்கள் அழிந்தில, மறைக்கப்பட்டுள்ளன. முதலிற் காவல்நிரலைக் கொண்டு அவ்வட்டைச் சோதித்து, அதன்பின் மறைந்தவற்றை வெளிக்கொணர்தலே முறை.

இக்காவல்நிரலுக்குத் தனியே பணம் செலுத்த வேண்டிய தேவை பெரும்பாலார்க்கு இல்லை. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக 'டிபெண்டர்' என்பது கணினியோடே வருகின்றது. அறிந்த நச்சுநிரல்களின் அடையாளப் பட்டியலோடு ஒவ்வொரு கோப்பையும் அது ஒப்பிடுகின்றது. அறியாதவற்றை அவற்றின் நடத்தையால் ஐயுறுகின்றது. விண்டோஸ் எழுமுன்னரே சோதனை செய்யும் முறையும் அதிலுண்டு. ஆழப் புகுந்து ஒளிந்தவற்றைப் பிடித்தற்கு அதுவே ஏற்றது. கால்மணி நேரமளவிற் பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டு காவல்நிரல்களை ஒருங்கே ஓடவிடுதல் நன்றன்று. ஒன்றையொன்று ஐயுற்றுக் கணினியைத் தளரச் செய்யும்.

இனி, சிலர்க்குக் கசப்பினும் யாம் கூறவேண்டுவதொன்று உளது. நம் மனைகளிற் பல கணினிகள் உரிமம் பெறாத நிரல்களோடேயே வந்து சேர்கின்றன. விற்பவர் "எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன்" என்பார்; வாங்குபவர் மகிழ்வார். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனைத் தடுப்பதை இருவரும் நினையார். சட்டம் ஒருபுறம் நிற்க, அத்தகைய திருட்டுப் பிரதியோடு வரும் குறிப்பை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'காவல்நிரலை முதலில் நிறுத்துக' என்பது அதிற் பலகாலும் காணப்படும் கட்டளை. முன்பின் அறியாத ஒருவன் படலையில் நின்று, "நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறவுங்கள்" என்றால் நாம் திறப்போமா? கணினியில் மட்டும் திறக்கின்றோம். காவல்நிரலையே திருட்டுப் பிரதியாக இறக்கிக்கொள்வாரும் உளர், இதனை என்னென்பது! கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'ஸ்டொப்' என்னும் நச்சுநிரல் வகை உலகெங்கும் மனைக் கணினிகளிற் பரவியது பெரிதும் இவ்வழியினாலேயே. அதனாற் பூட்டப்பட்டவற்றுட் சிலவற்றைத் திறக்கும் கருவியொன்று 2019 இல் இலவசமாக வெளியிடப்பட்டது; ஆயினும் எல்லார்க்கும் அது பயன்படவில்லை. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் 'லிப்ரே ஒபிஸ்' போன்றவை சட்டப்படி இலவசமாகவே கிடைக்க, இவ்விடரை ஏன் விலைகொடாது வாங்கல் வேண்டும்?

"எம்மிடம் களவாட என்ன உண்டு?" என்று முதியோர் சிலர் கேட்பர். உலாவியிற் சேமித்த கடவுச்சொற்கள் உண்டு. மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒன்று போயின், அதன்வழி ஏனைய கணக்குக்களும் போகும். நம் பெயராற் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரிடம் "அவசரம், பணம் அனுப்புக" என்ற செய்தியும் போகும். ஐயம் தோன்றியவுடன் இணையத் தொடர்பைத் துண்டித்துச் சோதித்தல் வேண்டும். கடவுச்சொற்களை மாற்றுவது வேறொரு தூய கருவியிலிருந்தாதல் வேண்டும்; நோயுற்ற கணினியிலேயே மாற்றுதல், புதிய திறப்பையும் கள்வன் கையிற் கொடுப்பதாகும். அதன்பின்னும் ஐயம் நீங்காதாயின், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோசைப் புதிதாக நிறுவுதலே நேர்வழி.

காவல்நிரல் பட்டியலைப் புதுக்கினும், விண்டோசின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் தனியே வருதல் வேண்டும். விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு முடிந்தமையை நம்மவர் பலர் கவனித்திலர். நம் நாடே முன்னொருகால் இத்தகைய அயர்வுக்கு விலை கொடுத்தது. 1963 இல் மலேரியா நோயாளர் 17 பேராகக் குறைந்தனர். மருந்து தெளித்தல் தளர்ந்தது. 1969 இல் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர் 2016 இலேயே அந்நோய் நீங்கிய நாடென்னும் சான்று நமக்குக் கிடைத்தது.

அரசும் இவ்விடருக்குத் தப்பவில்லை. 2023 ஆகஸ்டில் அரசின் மின்னஞ்சற் சேவையை ஒரு நச்சுநிரல் பூட்டியபோது, அங்கு இயங்கியது காலங்கடந்த நிரலே. அண்மைக் காலத்துக்குரிய மறுபிரதி இன்மையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். அலுவலகக் கடிதங்களேனும் பெற்றவரிடம் ஒரு பிரதியாக எஞ்சியிருத்தல் கூடும். நம் தாயாரின் ஒரே படத்துக்கு அவ்வாய்ப்பும் இல்லை. ஆதலின் வெளிவட்டு ஒன்றில் மாதந்தோறும் பிரதி எடுத்து, எடுத்தவுடன் அதனைக் கழற்றி அலுமாரியில் வைத்தல் வேண்டும். கழற்றாத வட்டு கணினியோடு சேர்ந்தே பூட்டப்படும்.

நம் சங்கம் இதில் ஒன்று செய்யலாம். கணினித் துறையில் வல்ல இளைய உறுப்பினர் கண்டியிற் பலர் உளர். பாடசாலை விடுமுறைதோறும் ஒரு சனிக்கிழமை முற்பகலில், மூத்த உறுப்பினர் தம் கணினிகளைக் கொணர, இளையோர் அவற்றைச் சோதித்து, திருத்தங்களை ஏற்றி, முதற் பிரதியை எடுத்துக் கொடுக்கலாம். மண்டபமும் மின்னிணைப்பும் தேநீரும் போதும். வெளிவட்டை அவரவரே கொணர்வர்.